சந்தியாகு தண்டலுக்குத் தைத்த கரை

1. இடம் வலம்

தைத்துக் கொடுத்த துணி ஒரு வாரத்திற்குள் திரும்பி வந்துவிட்டது. கொண்டுவந்தவள் மதலேனம்மாள். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கி வருவதுபோலத் துணியைச் சுற்றிக் கொண்டுவந்து, லூர்தக்காவின் மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"அவுக தையல்ல ஒரு குத்தமும் சொல்லல, லூர்து. ஊருதான் இடம் வலம் மாறிக் கெடக்குன்னு சொல்லுதாவ."

எம்பிராய்டரி வேலையில் துணி திரும்பி வருவதற்கு நூறு காரணம் உண்டு. சாயம் போனால் வரும். நூல் பிசிறினால் வரும். கல்யாணம் நின்றுபோய், தலையணை உறையில் போட்ட மாப்பிள்ளை பேரைப் பிரிக்கச் சொல்லிக்கூட வரும். ஊர் இடம் வலம் மாறிப்போனதால் ஒரு துணி திரும்பியதை என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். துணிக்கு இன்னும் கன்ட்ரோல் இருந்தது. தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் லூர்தக்கா ஒரு தையல்கூடம் வைத்திருந்தார். லேஸுக்குக் கடற்கரை ஜனங்கள் ரேந்தை என்பார்கள். அதனால் எங்கள் கூடத்துக்கும் ரேந்தைக்கூடம் என்றே பெயர். பீடத்துக்கு விரிக்கும் துணி, கைக்குட்டை, கல்யாணச் சேலைக்குப் பூவேலை எல்லாம் செய்வோம். நான் பனங்காட்டுப் பக்கத்துக்காரி. அப்பா பனையேறி. ஊர்க் கிணறு உப்பாகிப் போன வருஷம் டவுனுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் இருந்ததில்லை. ஊசியையும் நூலையும் கண்ணால் பார்த்துப் படித்தேன். மற்றதை ஜனங்கள் பேசுவதைக் கேட்டுப் படித்தேன்.

என் பக்கத்து ஸ்டூலில் பிலோமி. எங்கள் கூடத்திலேயே நல்ல கை அவளுக்குத்தான். வாயும் அப்படித்தான். துணி திரும்பி வந்த சங்கதியைக் கேட்டதும் அவள் சொன்னாள்:

"இதுக்கா இவ்வளவு? துணியத் திருப்பிப் போட்டுக் கொடுங்க. பின்பக்கம் பாத்தா இடம் வலம் சரியாயிரும்."

"பின்பக்கம் பூரா உன் முடிச்சுதான் கெடக்கும். அதத் தொட்டுட்டு ஊருக்குள்ள அம்ம நோவு வந்துட்டுன்னு நெனப்பாவ," என்றார் லூர்தக்கா.

மதலேனம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை அது. ஏன் என்று சொல்கிறேன்.

மதலேனம்மாளின் வீட்டுக்காரர் சந்தியாகு தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த் தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். வாலிபத்தில் முத்துக்குளிக்கும் வள்ளங்களில் துடுப்புப் போட்டவர். கடலடியில் சிப்பி விளையும் முத்துப்பாரில் சிப்பி இல்லாமல் போனபிறகு தோணிக்குப் போனார். யுத்த காலத்தில் அவருக்குக் கண்ணில் வலி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது வெளிச்சம் திரும்பி வரவில்லை.

முதல் தடவை ஆர்டர் கொடுக்க வந்தபோதே மதலேனம்மாள் எல்லாவற்றையும் எங்கள் முன்னால் சொல்லிவிட்டாள். அவர்கள் வீடு டவுனுக்குத் தெற்கே, கடலோரத்தில். வீட்டைத் தாண்டி இன்னும் தெற்கே ஒரு வெள்ளை மணல்மேடு. மேட்டுக்குப் பின்னால் உயரமாக இரண்டு பனை. கடலிலிருந்து வருகிறவனுக்கு அந்த இரண்டு பனையும் ஒன்றாகத் தெரிந்தால் நேரே வழி. பிரிந்து தெரிந்தால் அடியில் பாறை. தண்டல் அந்தப் பனைகளை நம்பியே ஆயுசு பூராவும் கரை சேர்ந்தவர்.

"அந்த ரெண்டு பனையும் இப்ப இல்ல லூர்து," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "அவுகளுக்குத் தெரியாது."

அவர் மதுரையில் கிடந்தபோது யாரோ ஒரு முதலாளி அந்தப் பனங்காட்டை வாங்கி, வெட்டி, உப்பளம் போட்டுவிட்டார். மேட்டு மணலில் பாதியை வரப்புக் கட்ட வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். தண்டல் ஊர் வந்து இறங்கியதும் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "பனை நிக்குதா?" மதலேனம்மாள், "நிக்கு" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு தினமும் சாயந்திரம் அவரைக் கையைப் பிடித்து வாசலில் உட்கார வைப்பாள். அவர் கேட்பார். அவள் சொல்வாள். இரண்டு வருஷமாக அப்படித்தான். தெருவில் எல்லாருக்கும் தெரியும்; ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கேக்கும்போதெல்லாம் என் நெஞ்சு திக்குனு அடிக்கு. அவுக கையில தொட்டாத் தெரியுத மாதிரி கரைய ஒரு துணியில தச்சுக் கொடுத்துட்டியன்னா, அவுக அதத் தொட்டுப் பாத்துக்கிடுவாவ. எங்கிட்ட கேக்க மாட்டாவல்லா."

லூர்தக்கா யோசித்தார். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாவ, மதலேன். ஊசியால பொய் சொல்லுதது நாக்கால சொல்லுதத விடக் கஷ்டம்."

ஆனாலும் ஒப்புக்கொண்டார். நாங்கள் மாட்டுவண்டியில் போய், ரோட்டில் நின்று, அந்தக் கரையைப் பார்த்து வரைந்து வந்தோம். இல்லாத பனையை மதலேனம்மாள் சொல்லச் சொல்லச் சேர்த்தோம். காடாத் துணியில் தைத்துக் கொடுத்தோம். அதுதான் திரும்பி வந்தது.

தண்டல் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தூத்துக்குடி எனக்கு வலது கையில வரணும். இதுல இடது கையில வருது. பனை முன்னால நிக்கு, கடல் பின்னால கெடக்கு. இது ரோட்டுல போறவன் பாத்த கரை. தண்டல் பாத்த கரை இல்ல."

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். லூர்தக்கா, பிலோமி எல்லாம் கடற்கரையிலேயே பிறந்தவர்கள். கடலை அவர்களுக்குத் தெரியும். ஆனால் கரையைக் கடலிலிருந்து ஒருத்தியும் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகள் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, விரித்த வலையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். கடலில் நின்று பார்த்தால் ஊர் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

2. லாஞ்சு

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கரை ஓரம் ஆழம் கிடையாது. கொழும்புக்குப் போகும் கப்பல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பாஸஞ்சர்களை லாஞ்சில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். லூர்தக்காவின் கொழுந்தன் அந்த லாஞ்சில் சீட்டுக் கிழிக்கிறவர். வள்ளத்தில்தானே ஏறக் கூடாது, லாஞ்சுக்கு யாரும் சட்டம் போடவில்லையே என்று லூர்தக்கா சொன்னார். மூன்று பேரும் ஏறினோம். கப்பலில் ஏறாமல் அப்படியே திரும்புகிற பாஸஞ்சர்கள் அன்றைக்கு நாங்கள்தான்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் பிலோமி தலையைத் தொங்கப் போட்டுவிட்டாள்.

"மாதாவே, என்னய உயிரோட கரையில கொண்டு விடு. உன் பீடத்துக்கு ஒரு முழு ரேந்தை சும்மா தச்சுத் தாரேன்."

"மாதா கேக்கும்போது கேக்கட்டும்," என்றார் லூர்தக்காவின் கொழுந்தன். "இப்போதைக்கு நீ அந்தப் பக்கமாக் குனி. இந்தப் பக்கம் வெள்ளைக்கார துரை உக்காந்திருக்காரு."

நான் வரைவதற்கு ஒரு சிலேட்டை பிரவுன் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். திரும்பிப் பார்த்தேன்.

அதை எப்படிச் சொல்ல? கரை என்று நான் நினைத்திருந்தது ரோடு, வீடு, மணல், மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இருப்பது. கடலிலிருந்து பார்த்தால் அதெல்லாம் இல்லை. கரை ஒரு நூல். இழுத்துக் கட்டிய ஒற்றை நூல். அதன்மேல் கோயில் கோபுரம், மில் புகைக்கூண்டு, கூரை, மேடு எல்லாம் கிட்டத்தில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. வலது கைப்பக்கம் டவுன். தண்டல் சொன்னது சரிதான். இடது பக்கம் போகப் போகக் கட்டடம் குறைந்து, நூல் மட்டும் நீண்டது.

சிலேட்டில் வரைந்தேன். ஒரு அலை தெறித்தது. சிலேட்டில் ஊர் இல்லை. மறுபடி வரைந்தேன். மறுபடி தெறித்தது.

"கனி, அத தூரப் போடு. அந்த பிரவுன் பேப்பரக் கொடு," என்றாள் பிலோமி. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் சேலையில் குத்தி வைத்திருந்த ஊசியை உருவிவிட்டாள். "எனக்குப் பென்சில் வராது. ஊசிதான் வரும்."

டிசைனைத் துணிக்கு மாற்ற எங்களுக்கு ஒரு முறை உண்டு. பேப்பரில் கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப்பொடியாகத் துளை போடுவோம். அதைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைத் தேய்த்தால் துளை வழியாகப் புள்ளிகள் இறங்கும். பிலோமி கோடே போடாமல் நேராகத் துளை போட்டாள். தலையைத் தூக்கிக் கரையை ஒரு பார்வை பார்ப்பாள். குனிந்து பத்துக் குத்துக் குத்துவாள். லாஞ்சுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குத்துவாள். அலை தெறித்து பேப்பர் நனைந்தது. துளை அழியவில்லை.

தெற்கே, தண்டலின் பனைகள் நின்றிருக்க வேண்டிய இடத்தில், வெயிலில் பளீரென்று வெள்ளை முக்கோணங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"ஏளா, அங்கன பாரு," என்றாள் பிலோமி. வாந்தியெல்லாம் மறந்துபோன முகம். "உப்பு அம்பாரம். எங்க வீட்டுக்காரரு வேல செய்யுத அளம்லா அது. அவரு அள்ளிக் குவிச்சது கடல்ல இருந்து பாத்தா இப்படியா இருக்கு."

அதையும் குத்திக்கொண்டாள்.

3. பாய்

இரண்டாம் தடவைக்குக் காடாத் துணி வேண்டாம் என்று தண்டல் சொல்லி அனுப்பினார். மதலேனம்மாள் அவருடைய தோணியின் கிழிந்த பாயிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தாள். துவர்ப்பட்டை காய்ச்சிய தண்ணீரில் ஊறி ஊறி மண் நிறமாகிவிட்ட கட்டித்துணி. ஒரு ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. நடுக்கடலில் காற்றில் கிழிந்தபோது தண்டலே தைத்த ஒட்டு என்றாள்.

"தையலாயா இது, வேலி அடச்சது மாதிரி இருக்கு," என்றாள் பிலோமி.

"காத்துக்கு நின்னுச்சுல்லா," என்றாள் மதலேனம்மாள், விட்டுக்கொடுக்காமல்.

எங்கள் ஊசி அந்தத் துணியில் இறங்கவில்லை. பாய் தைக்கும் முப்பட்டை ஊசியை வாங்கி, உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு தள்ளினோம். பிரேமில் துணியை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். வலது பாதி, டவுன் பக்கம், லூர்தக்காவுக்கு. கோபுரத்தைக் கயிற்று நூலில் நிமிர்த்தினார். மில் புகைக்கூண்டுக்குச் சணலைச் சுற்றிச் சுற்றி ஏற்றினார். கடலுக்கு செயின் ஸ்டிட்ச், நீளநீளமாக. மணல்மேட்டை பிரெஞ்சு நாட் என்கிற முடிச்சுத் தையலால் நிரப்பினாள் பிலோமி, முன்பு இருந்த முழு மேடாக. அதுக்கு அப்புறம் அவளுடைய உப்பு அம்பாரங்கள். பேப்பரில் துளை இருந்தது, நீலம் இறங்கியது, அவள் தைத்தாள். வெள்ளை நூலை நெருக்கி நெருக்கி, உச்சி கூராக வரும்படி. அத்தனை அழகு.

இரண்டு பனையும் என் பொறுப்பு. அது பேப்பரில் இல்லை. மதலேனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கன, இங்கன என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"அக்கா, ஆண் பனையா, பொண் பனையா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பனை என்று சும்மா சொல்வதில்லை. காய்க்கிறதா, பாளை மட்டும் விடுகிறதா என்று பார்த்துத்தான் பேசுவோம்.

"கடல்ல இருந்து பாத்தா ஆணாவது பொண்ணாவது," என்றாள். பிறகு, "வடக்க நின்னது காய்க்கும்," என்றாள்.

வடக்குப் பனைக்கு நாலு குலை போட்டேன். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தண்டுக்கு உள்ளே நூல் வைத்து, மேலே இழைகளை நெருக்கி சாட்டின் ஸ்டிட்ச் கொடுத்துத் தூக்கினேன். ஓலை விரியும் இடத்தில் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. என் வேலையில் நன்றாக வந்தவை என்று விரல் விட்டு எண்ணினால் அந்த இரண்டு பனையும் அதில் வரும்.

முடித்ததும் நாலு பேரும் நின்று பார்த்தோம். பனை பொய், அது பொருந்தியிருக்கிறதா என்று பார்த்தோம். மேடு பொய், அதையும் தடவிப் பார்த்தோம். எல்லாம் சரி என்று மதலேனம்மாளும் சொன்னாள்.

4. விரல்

கொண்டுபோய்க் கொடுக்க மூன்று பேரும் போனோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தண்டல் வாசலில் நாற்காலியில் இருந்தார். உயரமான மனிதர். ஆள் வரும் சத்தம் கேட்டதும் சட்டைப் பொத்தானைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டார். மதலேனம்மாள் துணியை அவர் மடியில் விரித்தாள்.

முதலில் துணியைத்தான் தொட்டார். ஓரத்துக்குப் போன விரல் அந்த ஒட்டில் நின்றது.

"என் தையலு," என்றார். "யாரும் சிரிச்சியளா?"

"வேலி மாதிரி இருக்குன்னு சொன்னேன் மாமா," என்றாள் பிலோமி.

"வேலியேதான். காத்து உள்ள வரக் கூடாதுல்லா."

பிறகு வலது கையை ஓரத்தில் வைத்து, இடது பக்கமாக நகர்த்தினார். "கோபுரம். இது மில்லுக் கூண்டு. இது என்ன, தாழ்வா... ஓடு போட்ட சத்திரம். சரி." தோணி மெதுவாகப் போவதுபோல விரல் போனது. உதடு அசைந்தது. மதலேனம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடு வந்துட்டு." பிலோமியின் முடிச்சுகளை உள்ளங்கையால் தடவினார். "இதுல ஏறினா காலு பொதையும்." பிறகு பனை. ஒன்று. இன்னொன்று. நடுவில் இருந்த இடைவெளியில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டாப் பிரிஞ்சு நிக்கு."

நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "லாஞ்சு போற வழியில இருந்து பாத்தா அப்படித்தான் அண்ணாச்சி வரும்."

"ஆமா, வரும்," என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மூணு பொம்பளையாச் சேந்து என் தோணியப் பாறையில ஏத்திட்டிய."

எல்லாரும் சிரித்தோம். மதலேனம்மாள் தூணை விட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இனி இவர் கேட்க மாட்டார் என்கிற நிம்மதி.

அவர் விரல் இன்னும் நகர்ந்தது.

"இது என்னளா, கூர் கூரா?"

"உப்பு அம்பாரம் மாமா," என்றாள் பிலோமி. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "எங்க வீட்டுக்காரரு அள்ளுனது."

விரல் நின்றுவிட்டது. திரும்பிப் பனைக்குப் போனது. பனையிலிருந்து அம்பாரத்துக்கு வந்தது. பனைக்கு மறுபக்கம் போனது. அங்கேயும் அம்பாரம்.

"ரெண்டு பக்கமுமா இருக்கு?"

"ஆமா மா..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அங்கன பனங்காடுல்லா இருக்கணும்," என்றார் தண்டல். சத்தம் போடவில்லை. யோசித்துப் பேசினார். "அளம் போட்டா உப்புத்தண்ணி நிக்கும். சுத்தியும் உப்புத்தண்ணிய நிறுத்திட்டு, ரெண்டு பனைய மட்டும் எவன் விட்டு வைப்பான்?"

திரும்பி வரும்போது வழியில் லூர்தக்கா சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: "ஊசி போற இடத்தப் பாத்தோம், ஒலக்க போற இடத்த விட்டுட்டோம்." பனையையும் மேட்டையும் நாங்கள் அத்தனை தரம் சரிபார்த்தோமே, அந்த உப்பு ஒருத்தி கண்ணிலும் படவில்லை. தூத்துக்குடிக்காரிக்கு உப்பு அம்பாரம் வானம் மாதிரி. அது எப்போது வந்தது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று யார் கேட்கிறார்கள்? தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மதலேனம்மாளுக்கே தோன்றவில்லை.

"மதலேன்," என்றார்.

"நிக்கலிங்க," என்றாள் அவள்.

"எப்ப?"

"நீங்க மதுரையில இருக்கும்போது."

"நான் தெனமும் கேட்டேனே."

"தெனமும் கேட்டிய. கட்டுப் பிரிச்சு வந்து எறங்கின அன்னைக்கு, கண்ணு போச்சேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லல. பனையத்தான் கேட்டிய. நான் என்னத்தச் சொல்லுவேன்? அன்னைக்கு ஒரு நாள்தான் சொல்லணும்னு நெனச்சேன். மறுநாளும் கேட்டிய."

பிலோமி அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னாலதான் மாமா. நான் அந்த எழவு உப்பத் தைக்காம இருந்திருந்தா..."

"நீ ஏன்ளா அழுத?" என்றார் தண்டல். விரலால் அம்பாரத்தின் உச்சியைத் தொட்டார். "உன் மாப்பிள்ள நல்லாத்தான் குவிச்சிருக்கான். முத்துப்பாரு மாறும், மணலு மாறும், சிப்பி வரும், போவும். பனைதான் நிக்கும்னு நெனச்சோம். அது உன் குத்தமா, அவன் குத்தமா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். மதலேனம்மாளும் அதற்குத்தான் காத்து நின்றாள் என்று தோன்றியது. அவர் கை துணியை விட்டு விலகி, காற்றில் துழாவியது. அவள் முந்தானை நுனி அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருசமா," என்றார், "இந்தக் கரைய நீ ஒத்தையில பாத்துக்கிட்டா கெடந்த?"

5. துளைகள்

போகப் புறப்பட்டோம். தண்டல் நிறுத்தினார்.

"பனையத் தச்சது யாரு?"

"நான் அண்ணாச்சி."

"வடக்க நிக்குறதுல குல வச்சிருக்க. தொட்டேன். எந்த ஊருப் பிள்ள?" சொன்னேன். தலையை ஆட்டினார். "அப்ப உனக்குச் சொன்னா வெளங்கும். பனை பொய்யா நிக்க வேண்டாம். எடுத்துரு. மேட்டையும் எவ்வளவு போச்சோ அவ்வளவு எடுத்துருங்க."

அங்கேயே, அந்த வாசலிலேயே உட்கார்ந்து பிரித்தேன். பிளேடால் சாட்டின் தையலை மேலே வெட்டி, ஊசியால் ஒவ்வொரு இழையாக உருவினேன். தைக்க எத்தனையோ நாள். பிரிக்க ஒரு சாயந்திரம் போதும். தெற்குப் பனையை முதலில் எடுத்தேன். வடக்குப் பனைக்கு வந்தபோது குலைகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். மதலேனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த நூல்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிலோமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாதி மேட்டைப் பிரித்தாள்.

தையலைப் பிரித்தால் துணியில் ஊசித்துளை தெரியும். விரலைத் தண்ணீரில் தொட்டு நகத்தால் நாலு பக்கமும் நீவிவிட்டால் இழை சேர்ந்து துளை மூடிவிடும். எங்கள் வேலையில் அது மூச்சு விடுவது மாதிரி. யாரும் சொல்லிச் செய்வதில்லை. நான் கடைசி இழையை உருவியதும் பிலோமி செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து நீவப் போனாள்.

தண்டல் அதற்குள் துணியைத் தொட்டுவிட்டார். பனை இருந்த இடத்தில் விரல் நுனி நின்றது. பாய்த்துணி அல்லவா, முப்பட்டை ஊசித்துளைகள் தண்டுக்கு இரண்டு வரிசையும் ஓலைக்கு விரிந்த வரிசைகளுமாக அப்படியே இருந்தன.

"மூடாத," என்றார். "நின்ன எடம் அது. கெடக்கட்டும்."

பிலோமி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. அவர் வழக்கமாகக் கேட்கிற நேரம். பழக்கத்தில் மதலேனம்மாள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். நின்ற பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள்.

தண்டல் கேட்டார்: "அங்கன என்ன தெரியுது?"

அவள் தெற்கே பார்த்தாள். "உப்பு."

"எப்படி இருக்கு?"

அவள் மடியில் கிடந்த பனை நூல்களைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"சொல்லு மதலேன்."

"சொன்னா நீங்க மனசு சங்கடப்படுவிய."

"படல. சொல்லு."

"வெயிலு எறங்கும்போது," என்றாள், "அம்பாரம் பூரா மஞ்சளாவுது. பெறகு லேசாச் செவக்கும். பாத்தித் தண்ணியும் சேந்து செவக்கும். கருக்கல் வந்தாலும் அது மட்டும் வெள்ளையாத் தெரியும். கடைசியாத்தான் இருட்டும்." குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள்: "அழகாத்தான் இருக்குங்க."

தண்டலின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பனை போனதத்தான் ஒளிச்சன்னு நெனச்சேன். பாதகத்தி, இதையுமா எங்கிட்ட சொல்லாம ஒளிச்சு வச்சிருந்த?"

6. பிள்ளைகளுக்கு

அதன்பிறகு நான் தைத்ததும் பிரித்ததும் கணக்கில்லை. வேலை படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதலில் பிரிக்கத்தான் சொல்லிக்கொடுப்பேன். பிளேடை எப்படிப் பிடிப்பது, இழையை எந்தப் பக்கம் உருவுவது, தண்ணீர் தொட்டு எப்படி நீவுவது, எல்லாம் காட்டுவேன். ஆனால் நீவுவதற்கு முன்னால் துணிக்காரரை ஒரு வார்த்தை கேள் என்பேன். துளை வேண்டும் என்று யார் அக்கா சொல்லப் போகிறார்கள் என்று சிரிக்கும் பிள்ளைகள். தொண்ணூற்றொன்பது பேர் சொல்ல மாட்டார்கள்தான். நூறாவது ஆள் எந்த நாளில் வருவான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாரையும் கேட்டுவிடு என்பேன்.

சில வருஷம் கழித்து மதலேனம்மாள் அந்தத் துணியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தாள். தண்டல் விரல் பட்டுப் பட்டுக் கோபுரத்தின் கயிற்று நூல் தேய்ந்திருந்தது. புகைக்கூண்டின் சணல் பிரிந்து தொங்கியது. பிலோமியின் அம்பாரங்கள் உச்சி மழுங்கி அழுக்கேறியிருந்தன. பனை நின்ற இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேய்வதற்கு அங்கே நூல் இல்லையே. துளைகள் ஒவ்வொன்றும் நான் ஊசியை உருவிய அன்று இருந்தபடியே இருந்தன.

"அதத் தொட்டுராத கனி," என்றாள். "மத்ததச் சரி பண்ணிக் கொடு."

மற்றதைச் சரி பண்ணிக் கொடுத்தேன்.